ஆயுதத்திற்குத் தாய்நாடு உண்டோ?

யுத்த வரலாறுகளைப் படிப்போர், வென்றவர் யார், தோற்றவர் யார் என்று கேட்பது வழக்கம். இன்ன கப்பல் எந்தத் துறையில் கட்டப்பட்டது, இன்ன குண்டு எந்தத் தேசத்துத் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது, அதனை விற்றுப் பணம் பெற்றவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் இக்கேள்விகளைக் கேட்டு விடை தேடினால், கொடிகளும் கோஷங்களும் மறைத்து வைத்திருக்கும் உண்மை ஒன்று வெளிப்படும். 1982-ஆம் ஆண்டில் தென் அட்லாண்டிக் சமுத்திரத்தில் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் பொருத 74 நாள் போரை அக்கண் கொண்டு நோக்குவதே நாம் இங்கு மேற்கொண்ட காரியம்.

வழக்கின் வரலாறு

ஆங்கிலேயர் பாக்லாந்து என்றும், அர்ஜென்டினர் மால்வினாஸ் என்றும் வழங்கும் தீவுக்கூட்டம், தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 300 மைல் தொலைவிலும், பிரிட்டனிலிருந்து ஏறக்குறைய 8,000 மைல் தொலைவிலும் உள்ளது. காற்று ஓயாது வீசும் மரமற்ற பூமி அது. செம்மறியாடு வளர்ப்பே அங்கு நெடுங்காலம் பிழைப்பாயிருந்தது. 1833-ஆம் ஆண்டில் பிரிட்டன் அத்தீவுகளைத் தன் ஆட்சியில் கொண்டது. அன்று முதல் அர்ஜென்டினா, 'இவை எம்முடையவை' என்று வழக்காடி வருகின்றது. 1982-இல் அங்கு வாழ்ந்தோர் சுமார் 1,800 பேர்.

அவ்வழக்கு ஒன்றரை நூற்றாண்டு காகிதத்தில் நடந்து, பின்னர் ஏன் பீரங்கியில் முடிந்தது? அர்ஜென்டினாவில் 1976 முதல் இராணுவத்தார் ஆட்சி நடைபெற்றது. ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமலே போயினர். விலைவாசி ஏறிற்று, வேலை குறைந்தது. 1982 மார்ச் 30-இல் தொழிலாளர் திரண்டு தலைநகரில் கிளர்ச்சி செய்து அடியுதை பட்டனர். மூன்று நாட்களில், ஏப்ரல் 2-இல், தளபதி கால்த்தியேரியின் ஆட்சி தீவுகளில் படையை இறக்கியது. உடனே அதே சதுக்கத்தில் மக்கள் கொடி பிடித்து ஆரவாரித்தனர். வயிற்றுக் கேள்வியை எல்லைக் கேள்வியால் மூடுவது ஆள்வோர் பலர் கையாண்ட பழைய தந்திரமன்றோ?

பிரிட்டனின் நிலைமையோ வேறொரு விதமாக விந்தையானது. அதற்கு முந்திய ஆண்டில்தான் பாதுகாப்பு மந்திரி ஜான் நாட், செலவைச் சுருக்கக் கருதிக் கடற்படையைக் குறைக்கும் திட்டத்தை வெளியிட்டிருந்தார். 'இன்வின்சிபிள்' என்னும் புதிய விமானந்தாங்கிக் கப்பலை ஆஸ்திரேலியாவுக்கு விற்க ஏற்பாடாகியிருந்தது. அத்தீவுகளைச் சுற்றிக் காவல் செய்த 'என்டூரன்ஸ்' கப்பலைத் திரும்ப அழைப்பதாகவும் முடிவு செய்திருந்தனர். காவற்காரனை நீக்கப்போவதாகப் பறையறைந்த தோட்டத்தில் களவு நடந்தால், குற்றம் கள்வனுடையதே. ஆனால் பறையறைந்தவனுக்கும் அதில் பங்குண்டு.

ஒரே துறையில் பிறந்த கப்பல்கள்

இனி ஆயுதங்களுக்கு வருவோம்.

'ஷெபீல்டு' என்பது பிரிட்டிஷ் கடற்படையின் நாசகாரிக் கப்பல். இங்கிலாந்தின் பாரோ நகரில் கட்டப்பட்டு, 1971-இல் இரண்டாம் எலிசபெத் இராணியாரால் கடலில் இறக்கப்பட்டது. அதே துறையில் அதே வரைபடத்தைக் கொண்டு அர்ஜென்டினாவுக்காகக் கட்டப்பட்டது 'எர்க்குலெஸ்'. 'ஷெபீல்டு' கட்டப்பட்டு வருகையில் நேர்ந்த வெடிவிபத்தில் தொழிலாளர் இருவர் மாண்டனர். கப்பலின் உடலில் ஒரு பகுதி சிதைந்தது. அவ்விடத்தை நிரப்ப, அர்ஜென்டினாவின் கப்பலுக்கென்று செய்து வைத்திருந்த பகுதியையே எடுத்துப் பொருத்தினர். ஆகவே பிற்காலத்தில் பகைவராக நின்ற அவ்விரு கப்பல்களும் உடன்பிறந்தவை மட்டுமல்ல. ஒன்றின் விலா எலும்பை மற்றொன்று தாங்கியவை.

அர்ஜென்டினாவிடம் இதே வகையில் 'சாந்திசிமா திரினிதாத்' என்னும் மற்றொரு கப்பலும் இருந்தது. அது அந்நாட்டிலேயே, ஆனால் பிரிட்டிஷ் வரைபடத்தின்படி கட்டப்பட்டது. ஏப்ரல் 2-ஆம் தேதி தீவுகளைக் கைப்பற்றச் சென்ற படைக்கு அதுவே தலைமைக் கப்பல். பிரிட்டிஷ் கொடியை இறக்க வந்த கப்பல் பிரிட்டிஷார் வரைந்த கப்பல் என்றால், இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அர்ஜென்டினாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலாகிய 'வெய்ன்தி சிங்கோ தெ மாயோ'வும் பிரிட்டனில் பிறந்ததே. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் அது 'வெனரபிள்' என்னும் பெயரோடு பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தது. 1948-இல் ஒல்லாந்துக்கு விற்கப்பட்டது. 1968-இல் தீவிபத்துக்குள்ளான பின் அர்ஜென்டினாவின் கைக்கு வந்தது. 1982 மே மாதத் தொடக்கத்தில் அது பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கத் தன் விமானங்களைக் குண்டுகளுடன் ஆயத்தம் செய்தது. காற்று ஓயாத அக்கடலில் அன்று பார்த்துக் காற்று அடங்கிவிட்டது. எதிர்க்காற்றின் துணையின்றிக் கனத்த விமானங்களை மேலே எழுப்ப அப்பழங்கப்பலால் இயலவில்லை. தாக்குதல் கைவிடப்பட்டது.

அர்ஜென்டினாவின் 'ஜெனரல் பெல்க்ரானோ' என்னும் குரூசர் கப்பலின் கதை இன்னும் உருக்கமானது. 1938-இல் அமெரிக்காவில் கடலில் இறக்கப்பட்ட அதன் முதற்பெயர் 'பீனிக்ஸ்'. 1941 டிசம்பர் 7-இல் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தகர்த்தபோது அங்கு நின்றும் காயமின்றித் தப்பிய கப்பல் அது. 1951-இல் அர்ஜென்டினாவுக்கு விற்கப்பட்டது. 1982 மே 2-ஆம் தேதி 'காங்கரர்' என்னும் பிரிட்டிஷ் அணுசக்தி நீர்மூழ்கி அதனைத் தாக்கியது. நீர்மூழ்கியோ அக்காலத்துப் புதுமை. ஆனால் அதன் தலைவர் தேர்ந்தெடுத்த டார்ப்பிடோ, இரண்டாம் உலக யுத்தத்திற்கும் முந்திய பழைய வகையைச் சேர்ந்தது. புதிய வகை டார்ப்பிடோக்களும் கப்பலில் இருந்தன. எனினும் பழையதையே அவர் நம்பினார். மூன்று ஏவப்பட்டன, இரண்டு தாக்கின. 323 பேர் மாண்டனர். அப்போரில் இறந்த அர்ஜென்டினரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்த ஒரே கப்பலோடு போயினர்.

ஆகாயத்திலும் அவ்வாறே

விமானப் பாதுகாப்பு இல்லாத யுத்தக் கப்பலுக்கு என்ன நேரும் என்பதை மலாயாவில் உள்ள நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1941 டிசம்பர் 10-இல் குவாந்தான் கரைக்கப்பால் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெருங்கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் சில மணி நேரத்தில் மூழ்கடித்ததை நம் முதியோர் மறந்திலர். அந்தப் பாடம் 1982-இல் பிரிட்டிஷாருக்கு நினைவிருந்தது. 'எர்மெஸ்', 'இன்வின்சிபிள்' என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்களில் முதலில் 20 'சீ ஹாரியர்' விமானங்களுடன் அவர்கள் புறப்பட்டனர். எதிரே நூற்றுக்கு மேற்பட்ட அர்ஜென்டினப் போர்விமானங்கள் இருந்தன. பின்னர் மேலும் சில ஹாரியர்கள் வந்து சேர்ந்தன.

குறுகிய தளத்திலிருந்து எழும்பி, நின்றவாறே இறங்கவல்ல ஹாரியர் விமானம் பிரிட்டிஷ் அறிவின் படைப்பு. ஆனால் அது எய்த 'சைட்விண்டர்' ஏவுகணை அமெரிக்காவுடையது. அதனால் வீழ்த்தப்பட்ட அர்ஜென்டின 'ஸ்கைஹாக்' விமானங்களும் அமெரிக்காவுடையவையே! மே 1-ஆம் தேதி ஒரு ஹாரியர் 'கான்பெரா' விமானம் ஒன்றை வீழ்த்திற்று. அந்தக் கான்பெரா பிரிட்டன் அர்ஜென்டினாவுக்கு விற்ற விமானம். விற்ற கையே சுட்டு வீழ்த்தியது.

மறுபுறம், பிரிட்டிஷாரை மிகவும் அஞ்சச் செய்தது 'எக்சோசே' என்னும் பிரெஞ்சு ஏவுகணை. பிரிட்டிஷ் யுத்தக் கப்பல்கள் பலவும் அதே எக்சோசேயின் மற்றொரு வகையைத் தாங்கியிருந்தன. விமானத்திலிருந்து எய்யத்தக்க எக்சோசே, அர்ஜென்டினாவிடம் ஐந்தே ஐந்து இருந்தன. பிரான்சிடம் கேட்டிருந்த 14 விமானங்களில் ஐந்தே வந்து சேர்ந்திருந்தன; மற்றவை வருமுன் போர் மூண்டு, விற்பனை தடைபட்டது. அந்த ஐந்து ஏவுகணைகளுள் ஒன்று மே 4-இல் 'ஷெபீல்டு' கப்பலைத் தாக்கிற்று. 20 பேர் மாண்டனர். கப்பல் சில நாட்களில் மூழ்கியது. மே 25-இல் இரண்டு ஏவுகணைகள், தளவாடம் ஏற்றிவந்த 'அட்லாண்டிக் கன்வேயர்' என்னும் வியாபாரக் கப்பலைத் தாக்கின. அதில் 12 பேர் உயிரிழந்தனர். கனரக ஹெலிகாப்டர் மூன்றும், படைக்கு வேண்டிய கூடாரங்களும் கருகின. உலகச் சந்தையில் அர்ஜென்டினா ஆறாவது ஏவுகணையை வாங்காதபடி தடுப்பதே அந்நாட்களில் பிரிட்டிஷ் சர்க்காரின் பெருங்கவலையாயிற்று.

தரையில் நடந்தது

தரைப்படையினரின் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்ப்போம். இரு படையினரும் ஏந்தியது பெல்ஜிய நாட்டார் வகுத்த ஒரே துப்பாக்கியின் இரு வடிவங்களே. அர்ஜென்டினர் அதனை ரொசாரியோ நகரில் செய்தனர். பிரிட்டிஷார் தம் நாட்டில் செய்தனர். நம் நாட்டுப் படையினரும் ஒரு காலத்தில் தோளில் சுமந்த துப்பாக்கி அது. இரு தரப்பாரின் இயந்திரத் துப்பாக்கியும் அந்தப் பெல்ஜியப் பட்டறையின் வகையே. தோளில் வைத்து விமானத்தைச் சுடும் 'புளோபைப்' என்னும் பிரிட்டிஷ் ஏவுகணையும் இரு தரப்பிலும் இருந்தது. அதைக் கொண்டே அர்ஜென்டினர் ஒரு பிரிட்டிஷ் ஹாரியரை வீழ்த்தினர்.

துப்பாக்கி ஒன்றே, ஏந்திய கைகள் ஒன்றல்ல. பிரிட்டிஷ் சிப்பாய்கள் தாமே விரும்பிச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள். அர்ஜென்டினப் படையில் மிகப் பலர் கட்டாயச் சேவையில் இழுத்து வரப்பட்ட 18, 19 வயதுப் பிள்ளைகள். குளிர்காலத் தொடக்கத்தில், நீர் கசியும் பதுங்குகுழிகளில் அவர்கள் வாரக்கணக்கில் கிடந்தனர். ஸ்டான்லி பட்டணத்துக் கிடங்குகளில் உணவு இருந்தும், மலைமேல் இருந்தோர் பசியால் வாடினர். உணவு திருடிய பையன்களை அவர்களுடைய அதிகாரிகளே தரையில் கட்டிக் கிடத்தித் தண்டித்தனர் என்று திரும்பி வந்தவர்கள் சாட்சி கூறியுள்ளனர். பகைவன் குண்டுக்கு முன்னரே தன் அதிகாரியின் கொடுமைக்கு ஆளானவன் யாருக்காகப் போராடுவான்?

பிரிட்டிஷாருக்கும் குறைகள் இல்லாமலில்லை. ஹெலிகாப்டர்கள் கடலோடு போனதால், சான் கார்லோஸ் கரையிலிருந்து ஸ்டான்லி வரை சதுப்பு நிலத்தில் மூட்டை சுமந்து அவர்கள் நடக்க நேர்ந்தது. அவர்களுடைய பூட்ஸ் நீரைத் தாங்கவில்லை; கால்கள் ஊறி நொந்தன. கைப்பற்றிய அர்ஜென்டினப் பூட்ஸை விரும்பி அணிந்தவர்களும் உண்டு. ஆயினும் அவர்கள் நடந்தனர். ஜூன் 11 முதல் 14 வரை இரவுகளில் நடந்த மலைப்போர்களில் குன்றுகள் ஒவ்வொன்றாய் வீழ்ந்தன. ஜூன் 14-இல் அர்ஜென்டினத் தளபதி மெனெந்தெஸ் சரணடைந்தார்.

வெற்றியின் காரணம்

நல்ல ஆயுதம் இருந்ததனால் பிரிட்டன் வென்றது என்று கூறுவது பாதி உண்மையே. அர்ஜென்டின விமானிகளின் துணிவைப் பகைவரே வியந்து போற்றினர். அலைகளைத் தொடுமளவு தாழப் பறந்து அவர்கள் வீசிய குண்டுகள் 'ஆன்ட்ரிம்', 'ஆர்கொனாட்', 'கிளாஸ்கோ', 'பிளிமத்' முதலிய கப்பல்களைத் தாக்கியும் வெடிக்கவில்லை. காரணம் யாதெனில், குண்டு விமானத்தை விட்டு நீங்கியபின் சிறிது நேரம் கழிந்தே வெடிக்கும் நிலையை அடையும். அவ்வளவு தாழத்திலிருந்து வீசினால் அந்நேரம் போதாது. அவர்கள் வீசிய குண்டுகளுள் பிரிட்டனிலேயே செய்த 1,000 இராத்தல் குண்டுகளும் இருந்தன. 'ஆன்டிலோப்' கப்பலில் வெடிக்காமல் தங்கிய குண்டு ஒன்று, அதனைச் செயலிழக்கச் செய்ய முயல்கையில் வெடித்துக் கப்பலைப் பிளந்தது.

அவ்வாறே, அர்ஜென்டினாவின் 'சான் லூயிஸ்' என்னும் நீர்மூழ்கி ஜெர்மானிய வரைபடத்தில் உருவான நற்கலம். பிரிட்டிஷார் அதனைத் தேடித்தேடியும் பிடிக்க முடியவில்லை. ஆனால் அது ஏவிய டார்ப்பிடோக்கள் ஒன்றும் இலக்கைச் சேரவில்லை. இயக்கும் கருவிகள் பழுதுற்றிருந்தன. மனித உரிமைகளை மிதித்ததற்காக அமெரிக்கா முன்னரே விதித்திருந்த ஆயுதத் தடையால், ஸ்கைஹாக் விமானங்களுக்கு வேண்டிய உறுப்புகள் கிடைக்கவில்லை. பளபளக்கும் யந்திரத்தை விலைக்கு வாங்கலாம். அதனைப் பழுதுபார்க்கும் கையையும், பயன்படுத்தும் பயிற்சியையும், சிப்பாய்க்கு வேளையில் சோறு சேர்க்கும் ஒழுங்கையும் எந்தக் கடையில் வாங்குவது?

விற்றவன் கையில் கடிவாளம்

போர் முடிந்தும் இப்பாடம் முடியவில்லை. பிரிட்டன் 1985-இல் தீவில் பெரியதோர் விமானதளத்தைத் திறந்தது. 2009 முதல் அங்கு நான்கு 'டைபூன்' விமானங்களை நிறுத்தியுள்ளது. அர்ஜென்டினாவோ தேய்ந்துகொண்டே வந்தது. அன்று படையெடுப்புக்குத் தலைமை தாங்கிய 'சாந்திசிமா திரினிதாத்', 2013-இல் எந்தப் பகைவரும் தீண்டாமல், தன் துறைமுகத்திலேயே நீர் புகுந்து கவிழ்ந்தது. 2017-இல் 'சான் ஹுவான்' என்னும் நீர்மூழ்கி 44 பேருடன் ஆழ்கடலில் மறைந்தது.

புதிதாக வாங்கலாமென்றாலோ வழியில்லை. கொரிய நாட்டுப் போர்விமானத்தை வாங்க முயன்றபோது, அதனுள் பிரிட்டிஷ் உறுப்புகள் இருந்தபடியால் 2020-இல் அது தடைபட்டது. பிரான்சிடமிருந்து 2019-இல் வந்த ஐந்து பழைய விமானங்களோ, ஆபத்தில் விமானியை வெளியே தூக்கியெறியும் ஆசனத்திற்கு வேண்டிய பிரிட்டிஷ் வெடிமருந்துச் சாதனம் கிடைக்காமல், பணியில் இறங்கவேயில்லை. 2024-இல்தான் டென்மார்க்கின் பழைய அமெரிக்க விமானங்கள் 24-ஐ வாங்க உடன்பாடாயிற்று. பெருயந்திரம் ஒன்றைச் சிறியதோர் உறுப்பால் கட்டிப்போடலாம் என்பதற்கு இதுவன்றோ சான்று!

விற்பவனும் முற்றிலும் சுதந்திரனல்லன். 2025-இல் சிங்கப்பூருக்கு வந்து சென்ற புதிய 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' கப்பலை நம்மிற் பலர் கண்டிருப்பர். அதன் தளத்தில் நின்ற போர்விமானங்கள் அமெரிக்கக் கம்பெனியின் படைப்பு. பிரிட்டனின் அணு ஆயுதத்தைத் தாங்கும் ஏவுகணையும் அமெரிக்காவிலிருந்து பெற்றதே.

கணக்கு

இறுதியாக வரவுசெலவுக் கணக்கைப் பார்ப்போம். அர்ஜென்டினர் 649 பேரும், பிரிட்டிஷ் தரப்பில் 255 பேரும் மாண்டனர். தீவுவாசிகளான பெண்கள் மூவர், தம்மை மீட்க வந்த பிரிட்டிஷ் கப்பலின் பீரங்கிக் குண்டு தவறி வீழ்ந்து இறந்தனர். அந்த 255 பேரில், ஹாங்காங்கிலிருந்து கூலிக்குச் சென்ற சீனர் எண்மரும் அடங்குவர். கப்பலில் துணி வெளுத்தும், எடுபிடி வேலை செய்தும் வயிறு வளர்க்கச் சென்றவர்கள் அவர்கள். தீவு யாருடையதானால் அவர்களுக்கு என்ன? கடல் கடந்து கூலிக்கு வந்த மரபினராகிய நாம் அவ்வெண்மரை நினையாமல் இக்கணக்கை மூடுதல் தகாது.

ஆயுதங்களின் கதி என்னவாயிற்று? பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய 'எர்மெஸ்' 1986-இல் இந்தியாவுக்கு விற்கப்பட்டு, 'விராட்' என்னும் பெயரோடு 2017 வரை உழைத்தது. பின்னர் 2020-இல் குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டு உடைக்கப்பட்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் மற்றொரு கப்பலும் அதே அலாங் கரையில் உடைபட்டது. அது யாதோவெனில், அர்ஜென்டினாவின் 'வெய்ன்தி சிங்கோ தெ மாயோ'!

எதிரெதிர்ப் படைகளுக்குத் தலைமை தாங்கிய இரு கப்பல்களும் ஒரே நாட்டில் பிறந்து, ஒரே கடலில் பகைத்து, ஒரே மணலில் மாண்டன. அங்கே பெருக்கு நீரில் கரையேற்றிய கப்பலின் இரும்பைக் கையால் வெட்டிச் சுமக்கும் ஏழைத் தொழிலாளிக்கு, இது இன்ன கொடியின் இரும்பு என்ற வேற்றுமை தெரியாது. எடையும் கூலியுமே தெரியும். ஆயுதத்திற்குத் தாய்நாடு இல்லை. அதனால் மாண்ட பிள்ளைக்கோ ஒரு தாய் இருந்தாள். கோஷம் எழும்பும் நாட்களில் இதனை மறவாதிருத்தலே அறிவுடைமை.